நிற்கும்போது தெரியும் ஓட்டக்காரன் பலம்

1953-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். லண்டன் நகரில் பாடிங்டன் பகுதியிலுள்ள ஓட்ட மைதானத்துக்கு, மதியச் சாப்பாட்டு வேளையில், வாரத்தில் பல நாட்கள் ஓர் இளைஞர் வந்து போவார். நெடிய உருவம், ஒல்லியான தேகம். பக்கத்தில் இருந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் டாக்டர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர். கிடைக்கும் சொற்ப நேரத்துக்குள் உடை மாற்றி, ஓடி முடித்து, மறுபடியும் மருத்துவமனைக்குத் திரும்பியாக வேண்டும். ஆபீஸில் இடைவேளை மணியைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அவர் அவசரம் நன்றாகப் புரியும்.

அவர் செய்த பயிற்சி பார்ப்பதற்கு மிகச் சாதாரணம். 440 கெஜம், அதாவது கால் மைல், ஒரு சுற்று. அதை 66 விநாடியில் ஓடுவார். பிறகு 2 நிமிஷம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று, மறுபடி 2 நிமிஷம். இப்படிப் பத்துச் சுற்று. அவ்வளவுதான்.

அந்த இளைஞர்தான் ரோஜர் பானிஸ்டர். ஒரு மைலை 4 நிமிஷத்துக்குள் ஓடி முடித்த முதல் மனிதர் என்று பிற்பாடு உலகம் கொண்டாடியவர். அந்தப் பத்துச் சுற்று அவருக்குப் பயிற்சி மட்டுமல்ல, அளவுகோலும் அதுவே. தன் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் அதை வைத்தே கணித்தார். நீண்ட தூரம் ஓடுகிறவர்களின் தகுதியை அறிய இன்று பல்கலைக்கழகங்களில் லட்சக்கணக்கான ரூபாய் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் கடும் ஓட்டம், குறுகிய ஓய்வு, மறுபடி கடும் ஓட்டம் என்ற இந்தப் பழைய முறையை நிபுணர்கள் கைவிடவில்லை. இன்னும் நுட்பமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

61-ல் நின்ற முள்

மைல் ஓட்டம் என்பது நான்கு சுற்று. 4 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டுமானால் சுற்றுக்கு 60 விநாடிக்கும் குறைவாக ஓட வேண்டும். 1945-ல் ஸ்வீடன் நாட்டு வீரர் குண்டர் ஹேக் 4 நிமிஷம் 1.4 விநாடியில் ஓடினார். அதன் பிறகு ஒன்பது வருஷமாக அந்த ஒன்றரை விநாடியைக் குறைக்க ஒருவராலும் முடியவில்லை. மனித உடம்பால் அது ஆகாது என்று சொன்னவர்களும் உண்டு.

பானிஸ்டருக்குத் தோழர்கள் இருவர்: கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே. வழிகாட்டியவர் பிரான்ஸ் ஸ்டாம்ப்பிள் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பத்துச் சுற்றின் வேகம் சிறுகச் சிறுக ஏறியது. ஏப்ரலில் ஒவ்வொரு சுற்றும் 61 விநாடிக்கு வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். எவ்வளவு முயன்றாலும் 60 வரவில்லை. கடிகார முள் 61-லேயே நின்றது.

நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டுவோம், ஓய்வைக் குறைப்போம், விடியற்காலையிலும் ஓடுவோம். பானிஸ்டரும் பிராஷரும் செய்தது வேறு. மைதானத்தையே மறந்துவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாட்கள் பாறை ஏறினார்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாத சமயத்தில் கால் இடறினால் எல்லாம் போச்சு என்ற நிலையில், இது புத்திசாலித்தனமான காரியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பி வந்து மேலும் சில நாள் ஓய்வெடுத்து, பிறகு அதே பத்துச் சுற்றை ஓடிப் பார்த்தார்கள். 59 விநாடி!

அந்தச் சில நாட்களில் புதிதாக எந்தச் சக்தியும் உடம்பில் ஊறிவிடவில்லை. சக்தி முன்பே இருந்தது. களைப்பு அதை மூடியிருந்தது. 61-ல் நின்ற முள் சொன்ன சேதி ‘பயிற்சி போதாது’ என்பதல்ல, ‘உடம்பு அலுத்திருக்கிறது’ என்பது. அளவுகோல் ஒன்று கையில் இருந்ததால்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது.

பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பே பானிஸ்டர் பயிற்சியை அடியோடு நிறுத்திவிட்டார். 1954 மே 6-ந் தேதி ஆக்ஸ்போர்டு இப்லி ரோடு மைதானத்தில் நான்கு சுற்றும் முறையே 57.5, 60.7, 62.3, 58.9 விநாடி. மொத்தம் 3 நிமிஷம் 59.4 விநாடி. பிராஷரும் சாட்டவேயும் முறை வைத்து முன்னே ஓடி வேகம் கொடுத்தார்கள். மூன்றாவது சுற்று தளர்ந்ததையும், கடைசிச் சுற்று மீண்டதையும் கவனிக்க வேண்டும். பத்துச் சுற்றை ஒரே வேகத்தில் ஓடிப் பழகிய உடம்புக்குத்தான் அந்த மீட்சி வாய்க்கும்.

ஓய்வுக்கு வைத்த பெயர்

ஆங்கிலத்தில் இதற்கு ‘இன்டர்வல்’ பயிற்சி என்று பெயர். சினிமாக் கொட்டகையில் நாம் அறிந்த அதே இன்டர்வல்தான். பலரும் ஓடுகிற பகுதிக்குத்தான் அந்தப் பெயர் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் பெயர் இடைவேளைக்கு உரியது. ஓட்டத்தைவிட ஓய்வுதான் முக்கியம் என்று கருதியவர்கள் இதை ஒரு முறையாக வகுத்தார்கள்.

அவர்கள் இருவர். ஜெர்மனியின் பிரைபர்க் நகரைச் சேர்ந்த பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லர். அதே ஊர் இருதய நிபுணர் டாக்டர் ஹெர்பர்ட் ரைண்டல். கெர்ஷ்லரின் சீடர் ருடால்ப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை. ஹார்பிக் அதைப் பார்க்க உயிருடன் இல்லை. 1944-ல் யுத்தத்தில் மடிந்துவிட்டார்.

கெர்ஷ்லர், ரைண்டல் வகுத்த விதி மிக எளிது. ஓட்டம் நாடித் துடிப்பை நிமிஷத்துக்கு 180 அளவுக்கு ஏற்ற வேண்டும். நின்றதும் துடிப்பைக் கவனிக்க வேண்டும். 90 விநாடிக்குள் அது 120-க்கு இறங்கிவிட்டால் அடுத்த ஓட்டத்துக்குப் புறப்படலாம். இறங்கவில்லையானால் ஓடிய தூரம் அதிகம், அல்லது வேகம் அதிகம், அல்லது அன்றைக்கு அந்த உடம்பு போதும் என்கிறது. தூரத்தைக் குறை, அல்லது வீட்டுக்குப் போ. பயிற்சியாளரின் அதிகாரத்துக்கு மேலாக நாடியின் அதிகாரத்தை வைத்த விதி இது.

ஓய்வு நேரத்தில் இருதயம் நிரம்பி விரிவதால்தான் அது பலம் பெறுகிறது என்பது ரைண்டலின் கொள்கை. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை; ஓட்டத்தின்போதே உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் வளர்வதுதான் பெரிய பலன் என்றார்கள். காரணம் பற்றி வழக்கு இருந்தாலும் அளவு பற்றி வழக்கில்லை. தேர்ந்த ஓட்டக்காரனின் நாடி சட்டென்று இறங்குகிறது; பயிற்சியற்றவன் நாடி இறங்க மறுக்கிறது.

அந்தக் காலத்து ஓட்டக்காரர்களில் இதே முறையைத் தன் போக்கில் கடைப்பிடித்தவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக். பட்டப்படிப்போ பெரிய பயிற்சியாளரோ அவருக்கு இல்லை. ஸ்லின் நகரில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்கத்தா அருகே பாட்டாநகரை ஏற்படுத்திய அதே பாட்டா நிறுவனம்தான். 1941-ல் தொழிற்சாலை நடத்திய ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ளும்படி மேலதிகாரிகள் கட்டாயப்படுத்தினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். டாக்டர் சோதித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார். வேண்டா வெறுப்பாக ஓடி இரண்டாவதாக வந்தார். பதினொரு வருஷம் கழித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 400 மீட்டரை ஒரே நாளில் நாற்பது, அறுபது தடவை திரும்பத் திரும்ப ஓடியவர் அவர். ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியிலும் ஓடினார். எல்லோரும் பின்பற்றத்தக்க வழி என்று அதைச் சொல்ல முடியாது. அது ஜாடோபெக்கின் உடம்பு.

ஒரே ஓட்டம் ஏன் போதாது?

ஒருவன் தகுதியை அறிய ஒரே மூச்சாக ஓடவிட்டு நேரம் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. ஒரே ஓட்டத்தில் ஆவேசம் கலந்துவிடும். பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து ரோஷத்தில் ஓடிவிடலாம். முதல் பாதியில் வேகமாகப் போய்ப் பின்பாதியில் செத்துச் சுண்ணாம்பாகலாம். கடைசியில் கிடைப்பது ஒரே ஓர் எண். அது ஏன் அப்படி வந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

விட்டு விட்டு ஓடும் முறையில் ஒரே நாளில் பல எண்கள் கிடைக்கின்றன. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் எத்தனை விநாடி வித்தியாசம்? ஓட்டம் முடிந்த நொடியில் துடிப்பு எவ்வளவு? ஒரு நிமிஷம் கழித்து எவ்வளவு? மூன்றாம் சுற்றில் 30 துடிப்பு இறங்கியது எட்டாம் சுற்றிலும் அப்படியே இறங்குகிறதா? ஆவேசத்தால் முதல் சுற்றை ஏமாற்றலாம். எட்டாவது சுற்றை ஏமாற்ற முடியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். வேகமாக ஓடும்போது தசைகள் கேட்கும் ஆக்ஸிஜனை ரத்தம் கொண்டுபோய்த் தர வேண்டும். இருதயம் வேகம் பிடிக்கிறது. நிறுத்தியதும் மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கும் ஒரு நரம்பு பிரேக் போடுகிறது. முதல் ஒரு நிமிஷத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது பெரும்பாலும் அந்தப் பிரேக்கின் நிலையைக் காட்டுகிறது. நீண்ட நாள் முறையாகப் பயின்றவனுக்குப் பிரேக் நன்றாகப் பிடிக்கும். அலுத்துப் போனவனுக்கு அதன் போக்கு மாறிவிடும்.

இது ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் 2,428 பேரை நடை இயந்திரத்தில் சோதித்து, சுமார் ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்த டாக்டர்கள், 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் உழைப்பை நிறுத்திய முதல் நிமிஷத்தில் யாருக்குத் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியதோ, அவர்களிடையே இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மேஜை முன்னால் உட்கார்ந்தே வேலை பார்க்கும் குமாஸ்தாக்களும் கவனிக்க வேண்டிய சேதி இது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லாம்பர்ட்ஸ் குழுவினர் தேர்ந்த சைக்கிள் வீரர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2009, 2010-ல் வெளியாயிற்று. நான்கு வாரம் கடும் இடைவேளைப் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். வீரர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். சிலருக்கு வாரத்துக்கு வாரம் துடிப்பு இன்னும் சுறுசுறுப்பாக இறங்கியது. மற்றவர்களுக்கு முதலில் நன்றாக இருந்து, போகப் போக மந்தப்பட்டது. கடைசியில் 40 கிலோமீட்டர் பந்தயம் வைத்துப் பார்த்தபோது முதல் வகையினரே அதிகம் முன்னேறியிருந்தார்கள். எல்லோரும் செய்தது ஒரே பயிற்சி. ஆனால் இரண்டாம் வகையினருக்கு அந்தச் சுமை மிஞ்சிப் போயிருந்தது. அவர்கள் வாயால் சொல்வதற்கு முன்பே நாடி சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்து மலையில் பானிஸ்டர் குருட்டுவாக்கில் கண்டுபிடித்ததற்கு அரை நூற்றாண்டு கழித்துக் கணக்கு எழுதப்பட்டது.

பெங்களூர் மைதானத்தில் ‘பீப்’ சத்தம்

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ‘யோ-யோ’ சோதனை என்ற பெயர் பழக்கம். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்து வீரர்களுக்காக உருவாக்கியது அது. இதுவும் இடைவேளைப் பயிற்சியின் பிள்ளைதான். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ‘பீப்’ சத்தத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும், 40 மீட்டர். பிறகு 10 விநாடி மெதுநடை. அடுத்த ‘பீப்’ கொஞ்சம் சீக்கிரம் வரும். இரண்டு தடவை சத்தத்துக்குள் கோட்டைத் தொடத் தவறினால் வெளியே.

2017 முதல் இந்திய கிரிக்கெட் அணிக்கு இந்தச் சோதனையில் 16.1 என்ற அளவு குறைந்தபட்சத் தகுதியாக வைக்கப்பட்டது. அதாவது 28 தடவை போய்த் திரும்பி 1,120 மீட்டர் ஓடியிருக்க வேண்டும். தூரத்தைக் கேட்டால் பிரமாதமில்லை; பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகிற தூரம். ஒவ்வொரு பத்து விநாடியிலும் எவ்வளவு மூச்சை மீட்கிறான் என்பதில்தான் அதன் கடுமை. 2018 ஜூனில் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் முகமது ஷமி இடம்பெறாமல் போனதும், அதே மாதம் இங்கிலாந்து சுற்றுப்பயணத்துக்கு அம்பாட்டி ராயுடு வாய்ப்பிழந்ததும் இந்தச் சோதனையால்தான். அந்த வருஷ ஐ.பி.எல். பந்தயத்தில் ரன்களைக் குவித்திருந்தவர் ராயுடு. மட்டை பிடிக்கும் கைக்கும் ‘பீப்’ சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எழுந்த கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சோதனை எதை அளக்கிறதோ அதைத்தான் அளக்கும். மூச்சை மீட்கும் திறனை அளக்கிற கருவியிடம் ஆட்டத் திறமையைக் கேட்கக் கூடாது.

மாரத்தான் ஓடுகிறவர்களிடையே இன்னொரு கணக்கு உலவுகிறது. அமெரிக்க ஓட்டப் பத்திரிகை ஒன்றில் பணியாற்றிய பார்ட் யாஸ்ஸோவின் பெயரால் 1994-லிருந்து வழங்குவது. 800 மீட்டரைப் பத்துத் தடவை ஓட வேண்டும். ஓடிய நேரத்துக்குச் சமமான நேரம் இடையில் மெதுவோட்டம். ஒவ்வொன்றையும் மூன்றரை நிமிஷத்தில் முடித்தால் மாரத்தானை மூன்றரை மணியில் முடிக்கலாம் என்பது கணக்கு. நிமிஷம் மணியாக மாறுகிற வேடிக்கை! விஞ்ஞானம் இதில் குறைவு. தற்செயலான பொருத்தம் அதிகம். பலருக்குச் சில நிமிஷ வித்தியாசத்தில் ஒத்துவருகிறது என்பதும் உண்மை. ஆனால் வாராவாரம் நீண்ட ஓட்டம் ஓடிப் பழகாதவன் இதை நம்பி இறங்கினால் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாகிவிடும். கால்களின் தாங்கும் சக்தியை 800 மீட்டர் அளக்காது.

உத்தியோகத்துக்கு ஓடும் பிள்ளைகள்

ஒலிம்பிக்கும் கிரிக்கெட்டும் நமக்கு எட்டாத உயரம் என்று வைத்துக்கொண்டாலும், வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஓட்டத்தை நம்பி எதிர்காலத்தை வைத்திருக்கும் பிள்ளைகள் குறைவா என்ன? ரயில்வே முதல்நிலைப் பணிகளுக்கு 2019-லும் 2025-லும் வந்த அறிவிப்புகளில் ஆண்கள் 1,000 மீட்டரை 4 நிமிஷம் 15 விநாடியில் ஓட வேண்டும் என்று விதி. கூடவே 35 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு 100 மீட்டரை 2 நிமிஷத்தில் கடக்க வேண்டும். ஒரே ஒரு வாய்ப்புத்தான். எழுத்துப் பரீட்சைக்கு மாதக்கணக்காகப் படித்துத் தேறியவன், ஓட்டத்துக்கு வந்து கோட்டை விடுவது சர்வ சாதாரணம்.

கோட்டை விட்டாலும் பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம். 2024 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்தது மறக்கக் கூடியதல்ல. கலால் துறைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும் என்று வைத்தார்கள். ஓட்டத்தில் மயங்கி விழுந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். எல்லோரும் வேலை தேடி வந்த வாலிபர்கள். அரசு சில நாட்கள் தேர்வை நிறுத்தி வைத்தது. வெயில், புழுக்கம், போதிய பயிற்சி இல்லாமை, ஊக்க மருந்து என்று காரணங்கள் பலவாகப் பேசப்பட்டன. ஏழைப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட தூரத்தை வைத்தவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் தன் உடம்பின் அளவு தனக்கே தெரியாமல் உத்தியோகத்தின் பெயரால் ஓட்டத்தில் குதிப்பது எவ்வளவு அபாயம் என்பதும் அங்கே தெரிந்தது.

அந்த அளவைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. விநாடி முள் உள்ள கைக்கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். சமதளமாக, வண்டி வராத இடமாக 400 மீட்டர் அளந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூட மைதானம் இருந்தால் நல்லது. 1,000 மீட்டரை 4 நிமிஷம் 15 விநாடியில் ஓடுவதென்றால் 400 மீட்டருக்கு 102 விநாடி ஆகிறது. முதலில் கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 102 விநாடி வேகத்தில் ஒரு சுற்று. 2 நிமிஷம் நடை. இப்படி ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் கழுத்தோரத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 10 விநாடிக்குத் துடிப்பை எண்ண வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி 10 விநாடி. கெர்ஷ்லரின் கணக்கை இந்த முறையில் சொன்னால், 30 துடிப்பு இருந்தது ஒன்றரை நிமிஷத்துக்குள் 20-க்கு இறங்க வேண்டும்.

முதல் நாள் மூன்றாம் சுற்றிலேயே மூச்சு வாங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகத்தைக் குறைத்து 110, 115 விநாடியில் ஆறு சுற்றும் சமமாக ஓடப் பார்க்கலாம். ஆறாவது சுற்று முதல் சுற்றைப் போலவே வருகிற வேகம் எதுவோ, அன்றைக்கு அவன் தகுதி அதுதான். பிறகு இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதே இடத்தில், அதே வேளையில், முந்தின நாள் கடும் ஓட்டம் இல்லாமல், அதே ஆறு சுற்று. நடுவே உள்ள நாட்களில் பெரும்பாலும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான நீண்ட ஓட்டம். தினமும் அளந்து பார்க்கிற ஆசை வேண்டாம். விதை போட்டுவிட்டுத் தினமும் தோண்டிப் பார்த்தால் செடி முளைக்குமா?

நோட்டுப் புத்தகத்தில் நேரத்தையும் துடிப்பையும் மட்டும் எழுதினால் போதாது. இரவு ஷிப்டா, எத்தனை மணி நேரத் தூக்கம், வெயில் எப்படி, என்ன சாப்பாடு என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்ற தடவையைவிட நான்கு விநாடி பின்தங்கி, துடிப்பும் இறங்க மறுத்தால், பெரும்பாலும் காரணம் அந்த வரியில்தான் கிடைக்கும். இரவு வேலை முடித்து நேரே மைதானத்துக்கு வந்தவன் எண் எப்படி இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அதே போல், துடிப்பு எல்லோருக்கும் ஒன்றாக இராது. 22 வயதில் 195 வரை போகிறவனும் உண்டு, 180-ஐத் தாண்டாதவனும் உண்டு. நண்பன் நோட்டைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. சென்ற மாதத்து எண்ணோடுதான் இந்த மாதத்து எண்ணை ஒப்பிட வேண்டும்.

ஜுரம் வந்து எழுந்த வாரத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது. நெஞ்சு இறுக்கம், கண் இருளல், குமட்டல் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். நாற்பது வயதை நெருங்கியவர்கள், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள், பிள்ளைகளோடு போட்டி போட்டு ஓடக் கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பது அவசியம். அவர்களுக்கு வேகநடையும் இடையில் மெதுநடையும் போதுமானது. துடிப்பை எண்ணும் முறை அதேதான்.

பெண்களுக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 1,000 மீட்டருக்கு 5 நிமிஷம் 40 விநாடி; எடை 20 கிலோ. 400 மீட்டருக்குக் கணக்கிட்டால் 2 நிமிஷம் 16 விநாடி. பத்து நிமிஷம் நிற்காமல் மெதுவாக ஓடப் பழகியிருக்கும் பெண், இந்த வேகத்தில் நான்கு சுற்றிலிருந்து தொடங்கி, துடிப்பு இறங்குவதைப் பார்த்து ஐந்து, ஆறு என்று ஏற்றிக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டும்.